எழுச்சி உரை: எழ வேண்டியது யார்?

(பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்களிடமும் அவர்களுடைய பெற்றோர்களிடமும் திருப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)



நேற்று சனிக்கிழமை, சம்பள நாள். வாரம் பூரா ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, துணி துவைக்க, கறி எடுக்க, கொஞ்சம் தூங்க என்று இருப்பது இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். தோழர்கள் என்னைக் கூப்பிட்டபோது தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. "அம்பேத்கர் பிறந்தநாள் போட்டி வருதுங்க, நம்ம புள்ளைங்க எப்படிப் பேசுனா ஜெயிக்கும்னு வந்து சொல்லுங்க" என்றார்கள். நான் வங்கியில் குமாஸ்தா. ஏதோ கவிதை எழுதுகிறவன். பேச்சாளன் கிடையாது. மைக் முன்னால் நின்றால் இன்றைக்கும் எனக்கு முழங்கால் நடுங்கும். ஆனாலும் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது.

முதலில் போட்டியைப் பற்றிப் பேசிவிடுவோம். தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் அம்பேத்கர், பெரியார், அண்ணா, காந்தி, நேரு, கலைஞர் ஆகியோரின் பிறந்தநாள்களை ஒட்டிப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி வைக்கிறது. முதல் பரிசு 5000 ரூபாய், இரண்டாவது 3000, மூன்றாவது 2000. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனியாகச் சிறப்புப் பரிசு 2000. சில தோழர்கள், "பரிசுக்காக அண்ணலைப் பேசுறதா?" என்று முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். 5000 ரூபாய் என்பது பனியன் கம்பெனியில் கைமடிக்கிற ஒரு அக்காவின் ஒரு வாரக் கூலியைவிட அதிகம். அந்தப் பணம் நம்ம வீட்டுக்கு வரட்டும். சான்றிதழ் நம்ம சுவரில் தொங்கட்டும். அதில் எந்தக் கேவலமும் இல்லை.

ஆகவே நடுவர் கையில் இருக்கிற தாளில் என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். பொதுவாகக் கருத்து, சொல்லும் வரிசை, உச்சரிப்பு, குரல் ஏற்ற இறக்கம், நேரம், இவ்வளவுதான். இதில் பாதியைப் பழகியே வாங்கிவிடலாம். மணி அடித்தபிறகும் பேசிக்கொண்டிருந்தால் மார்க் போகும், கடிகாரம் வைத்துப் பழகு. ல, ள, ழ மூன்றையும் நாக்குக்குப் பழக்கு. அது எந்தச் சாதியின் சொத்தும் இல்லை, நம்ம மொழியின் சொத்து. "நடுநிலை தவறா நடுவர்களே, அறிவிற் சிறந்த ஆசான்களே" என்று இழுத்துக்கொண்டு போகாதே. ஐந்து நிமிஷத்தில் முக்கால் நிமிஷம் அதிலேயே போய்விடும். "அனைவருக்கும் வணக்கம்" போதும். இவ்வளவும் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பார்கள். இது அரைக் கிணறு. மீதிக் கிணற்றைத் தாண்டத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம்.

என் கடனைச் சொல்கிறேன்.

கவிதை எழுதுகிறவன் என்பதால் அங்கங்கே நடுவராகக் கூப்பிடுவார்கள். சில வருஷங்களுக்கு முன்னால், எந்த ஊர், எந்த அமைப்பு என்பது வேண்டாம், ஒரு பேச்சுப் போட்டிக்குப் போனேன். தலைப்பு, 'அண்ணல் காட்டிய வழி'. பதினாலு பிள்ளைகள் பேசினார்கள். பத்துப் பதினொரு பேர் ஒரே உரையைப் பேசினார்கள் என்றே சொல்லலாம். ஏழையாகப் பிறந்தார், தெருவிளக்கில் படித்தார், வெளிநாடு போய்ப் பட்டம் வாங்கினார், சட்டம் எழுதினார், நீயும் முயன்றால் உயரலாம். கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் இது அம்பேத்கரா, யாரோ ஒரு கம்பெனி முதலாளியின் முன்னேற்றக் கதையா என்று சந்தேகம் வந்துவிடும். அந்த உரைகள் எதிலும் 'சாதி' என்ற சொல் வரவில்லை. அம்பேத்கரைப் பற்றிச் சாதி என்ற சொல்லைத் தொடாமல் ஐந்து நிமிஷம் பேசுவதற்கு உண்மையிலேயே பயிற்சி வேண்டும். யாரோ நன்றாகப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

கடைசிக்கு முந்தி ஒரு பெண் பிள்ளை வந்தாள். ஒன்பதாவதோ பத்தாவதோ இருக்கும். கையில் தாள் இல்லை. மகாத் குளத்தில் ஆரம்பித்தாள். அங்கிருந்து வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தாள். அதற்கப்புறம் சொன்னாள்: "எங்க ஊர்லயும் ரெண்டு டேங்க் இருக்குதுங்க. எங்க தெருவுக்குத் தனி. ஏன்னு எங்க அம்மாயிகிட்டக் கேட்டேன். பேசாம இரு கண்ணுன்னு சொல்லுச்சு. அதானுங்க இங்க வந்து பேசறேன்." அவ்வளவு நேரமும் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அசையவில்லை. பின்னால் டீ கொடுத்துக்கொண்டிருந்த அம்மா தட்டோடு நின்றுவிட்டார்.

அந்தப் பிள்ளைக்குப் பரிசு இல்லை. மற்ற இரண்டு நடுவர்களும் உச்சரிப்பில் குறைத்திருந்தார்கள், 'தலைப்பை விட்டு விலகல்' என்று எழுதியிருந்தார்கள். நான் என் தாளில் அதிகம் போட்டிருந்தேன். ஆனால் கூட்டிப் பார்த்து முடிவு சொல்லும்போது, "இது சரியில்லீங்க" என்று ஒரு வார்த்தை நான் பேசவில்லை. சாதியைப் பற்றி எத்தனை கவிதை எழுதியிருக்கிறேன்! அந்த மேஜையில் என் வாய் திறக்கவில்லை. முடிந்து வெளியே வரும்போது அந்தப் பிள்ளை என்னிடம் வந்து கேட்டாள், "அண்ணா, நான் எங்க தப்பாப் பேசுனேன்?" நான் சொன்னேன், "உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ பாப்பா."

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

எழுச்சி உரை என்கிறோம். எழுச்சி என்றால் எழுவது. பேசுகிறவன் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறான், அவன் எழ வேண்டியதில்லை. கேட்கிறவன் எழ வேண்டும். கை தட்டுவதற்கு எழுந்தால் போதாது, ஏதாவது செய்வதற்கு எழ வேண்டும். ஒரு உரை ஜெயித்ததா இல்லையா என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே அளவுகோல் இதுதான். நம்மிடம் இதற்கு அண்ணலைவிட நல்ல வாத்தியார் கிடையாது. அவருடைய வாழ்க்கையிலிருந்து நாலு இடத்தை எடுத்துச் சொல்கிறேன்.

முதல் இடம், மகாத். 1923இல் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் பொதுக் குளம், பொதுக் கிணறு எல்லோருக்கும் பொது என்றது. 1924இல் மகாத் நகராட்சியும் சவ்தார் குளம் எல்லோருக்கும் திறந்தது என்று தீர்மானம் போட்டது. தாளில் எல்லாம் இருந்தது. குளத்தில் இறங்கத்தான் ஆள் இல்லை. 1927 மார்ச் 19, 20 தேதிகளில் அங்கே மாநாடு நடந்தது. பேச்செல்லாம் முடிந்தபிறகு என்ன நடந்தது? கூட்டம் எழுந்து குளத்துக்கு நடந்தது. அண்ணல் தண்ணீரைக் கையில் எடுத்துக் குடித்தார், ஆயிரக்கணக்கான பேர் குடித்தார்கள். திரும்பிப் போனவர்களை அடித்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. வழக்கு பத்து வருஷம் இழுத்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில்தான் நமக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஒரு உரையின் வெற்றிக்குப் பத்து வருஷமும் ஆகலாம், அது போட்டி முடிந்து அரை மணி நேரத்தில் அறிவிக்கிற சங்கதி இல்லை. ஆகவே எழுத உட்காரும்போது முதல் வரியைத் தேடாதே. கேட்கிறவர் எந்திரிச்சுப் போய் என்ன செய்யணும்னு நீ நினைக்கிறயோ, அதை முதலில் எழுது. அது கிடைக்கவில்லை என்றால் உன்னிடம் இன்னும் உரை இல்லை, வெறும் தகவல்தான் இருக்கிறது.

இரண்டாவது இடம், லண்டன். 1930 நவம்பர் 20, வட்டமேசை மாநாடு. அண்ணலோடு நம்ம இரட்டைமலை சீனிவாசன் தாத்தாவும் போயிருந்தார். 1893இலேயே 'பறையன்' என்று பேர் வைத்துப் பத்திரிகை நடத்தியவர். 1924இல் சென்னை சட்டசபையில் பொதுவழியும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர். அங்கே அண்ணல் எப்படிப் பேசினார் என்று பாருங்கள். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் எங்களுக்குக் கிணற்றில் தண்ணீர் கிடையாது, இப்போது கிடைக்கிறதா? கோயிலுக்குள் போக முடியாது, இப்போது முடிகிறதா? போலீசில் சேர்க்கவில்லை, இப்போது சேர்க்கிறார்களா? இந்த மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். ஆள்கிறவன் முகத்துக்கு நேரே கேட்டார். அலங்காரம் ஒன்றும் இல்லை. கேள்வி, பக்கத்தில் ஒரு உண்மை. அடுத்த கேள்வி, பக்கத்தில் இன்னொரு உண்மை. மறுக்க முடியாத உண்மையை வரிசையாக வைத்தால் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே வராது.

மூன்றாவது இடம், அவருடைய சொந்தக் கதை. 1901ஆம் வருஷம், சின்னப் பையன், அண்ணன் முதலானவர்களோடு சத்தாராவிலிருந்து அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறார். இறங்கின ஸ்டேஷனில் கூப்பிட ஆள் வரவில்லை. நல்ல உடுப்பு போட்டிருந்த பிள்ளைகள் மகார் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறுகிறது. மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்றவில்லை. கடைசியில் இரண்டு மடங்கு கூலி. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார். கையில் சாப்பாடு இருக்கிறது, வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது அவர் அழவில்லை. என்ன கூலி, யார் ஓட்டினார்கள், எங்கே தண்ணீர் கேட்டார்கள் என்று சொல்கிறார். அந்த இரண்டு மடங்கு கூலி என்ற ஒரு விவரம் போதும், சாதி என்றால் என்ன என்று புரிந்துவிடுகிறது. தொட மாட்டான், பணம் மட்டும் இரட்டிப்பாக வாங்குவான். நீயும் உன் கதையைச் சொல்லும்போது நீ அழாதே. விவரத்தைச் சொல். அழுவதா கோபப்படுவதா என்பதைக் கேட்கிறவர் முடிவு செய்யட்டும்.

இங்கே ஒரு விஷயம். நம்ம மாவட்டத்தில் பேசுகிற பிள்ளைக்கு விவரத்துக்கா பஞ்சம்? 2018 ஜூலையில், அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த ஒரு அருந்ததிய அம்மா சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிக்காரர்கள் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவைத்தான் முதலில் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியபிறகு மாற்றலை ரத்து செய்தார்கள், வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு பதிந்தார்கள். 2016 மார்ச் 13ஆம் தேதி, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கூட இருந்து வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா பிறகு மேடை ஏறிச் சாதி ஒழிப்பைப் பேசினார். இதெல்லாம் நடந்த மண்ணில் நின்றுகொண்டு, இது எதையும் தொடாமல், அம்பேத்கர் தெருவிளக்கில் படித்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால், நாம் பேசியது வேறு யாரோ ஒரு அம்பேத்கரைப் பற்றி.

மொழிக்கு வருகிறேன். போட்டி மேடையில் நாம் கேட்கிற அடுக்குமொழி திராவிட இயக்கம் கொடுத்தது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். மேடைத் தமிழைப் பண்டிதர் கையிலிருந்து பிடுங்கித் தெருமுனைக்கும் டீக்கடைக்கும் கொண்டுவந்தார்கள். அண்ணா பேசினால் அடுக்குக்குள் கருத்து இருந்தது. இன்றைக்குப் பல பிள்ளைகளிடம் அடுக்கு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அதே இயக்கத்தின் தலைவர், இதோ பக்கத்தில் ஈரோட்டுக்காரர், பெரியார் எப்படிப் பேசினார்? அடுக்கு இல்லை, எதுகை மோனை இல்லை. வீட்டில் பேசுகிற கொங்குத் தமிழில், சந்தையில் வியாபாரம் பேசுகிற மாதிரி, மணிக்கணக்கில் பேசினார். உச்சரிப்புக்கு மார்க் போட்டிருந்தால் அவருக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திருக்காது. ஆனால் கேட்டவன் வீட்டுக்குப் போய்ப் புராணத்தைச் சந்தேகப்பட்டான்.

அதனால் என் யோசனை இது. எழுத்துத் தமிழைத் தெளிவாகப் பேசப் பழகு, அந்தக் கதவையும் திறந்து வை. ஆனால் அம்மாயி சொன்னதை அம்மாயி சொன்ன மாதிரியே சொல். "பேசாம இரு கண்ணு" என்பதை "மௌனமாக இருப்பாயாக" என்று மாற்றினால் அங்கே அம்மாயியும் இருக்க மாட்டார், அவருடைய பயமும் இருக்காது.

நாலாவது இடம்தான் எனக்கு ரொம்ப முக்கியம். 1936. லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்புச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணலைக் கூப்பிட்டது. அவர் உரையை எழுதி அனுப்பினார். அவர்களால் தாங்க முடியவில்லை. சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்று அவர் எழுதிவிட்டார். மாநாடே ரத்தாகிவிட்டது. போட்டிக் கணக்கில் பார்த்தால் மேடையே ஏறாமல் தோற்ற உரை. அவர் என்ன செய்தார்? சொந்தக் காசைப் போட்டு அச்சடித்தார். 1500 பிரதிகளும் இரண்டு மாசத்தில் தீர்ந்தன. 1937இல் இரண்டாம் பதிப்பு வருவதற்குள் குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. தமிழில் கொண்டுவந்தது அதே ஈரோட்டிலிருந்து வந்த 'குடிஅரசு'. இன்றைக்கு நாம் 'சாதி ஒழிப்பு' என்று படிக்கிறோமே, அந்த நூல்தான் அது. அந்த மாநாடு நடந்திருந்தால் அன்றைக்கு மற்றவர்கள் என்னென்ன பேசியிருப்பார்களோ, யாருக்குத் தெரியும்! பேசவே விடாத உரை இன்னும் ஆளை எழுப்பிக்கொண்டிருக்கிறது.

இதில் நமக்கு என்ன பாடம்? எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்கிற பாடம். நேரத்தைக் குறைக்கச் சொன்னால் குறை. குரல் எட்டவில்லை என்றால் உயர்த்து. ழகரம் தவறினால் திருத்திக்கொள். ஆனால் யாராவது, வாத்தியாராக இருந்தாலும் சரி, நடுவராக இருந்தாலும் சரி, நானாக இருந்தாலும் சரி, "அந்த டேங்க் விஷயம் மட்டும் வேண்டாம் பாப்பா, மத்ததெல்லாம் நல்லாயிருக்கு" என்று சொன்னால் அங்கே நில். பரிசு போனாலும் அதைச் சொல். அந்த ரெண்டாவது டேங்க்தான் உன் உரை. அதை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் மற்ற பத்துப் பிள்ளைகளும் பேசினதுதான்.

அதே சமயம், தோற்பதையே பெருமையாக நினைக்கவும் கூடாது. உண்மையைச் சொல்கிறேன் என்று தயாரிப்பில்லாமல் போய் மேடையில் திணறினால், அந்த உண்மைக்குத்தான் அவமானம். அண்ணல் தயாரிப்பில்லாமல் பேசினவர் இல்லை. மற்றவனுக்கு ஒரு மடங்கு உழைப்பு என்றால் நமக்கு இரண்டு மடங்கு, வண்டிக் கூலி மாதிரி. அநியாயம்தான். ஆனாலும் இப்போதைக்குக் கொடுத்துத்தான் வண்டி ஏற வேண்டியிருக்கிறது.

பழகுவதற்கு ஒரு வழி சொல்லி முடிக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகச் சொல்வார்கள். கண்ணாடி உன்னை எதிர்த்துக் கேள்வி கேட்காது. அம்மாவிடம் பேசிக்காட்டு. செக்கிங்கில் இருக்கிற அம்மாவுக்கு ஆயிரம் பீஸில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண் இருக்கிறது. நீ பேசும்போது அவங்க எந்த இடத்தில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போறாங்களோ, அந்த இடத்தை வெட்டு. எந்த இடத்தில் "அப்படியா கண்ணு? அப்புறம்?" என்று கேட்கிறாங்களோ, அங்கேதான் உன் உரை இருக்கிறது. அதை வளர்த்து எடு. எந்த இடத்தில் "வேண்டாம் சாமி, இதெல்லாம் வெளியில் சொல்லாதே" என்று பயப்படுறாங்களோ, அங்கே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். ஏன் பயம், யாருக்குப் பயம் என்று கேளுங்கள். போட்டி நடக்கிற நாளுக்கு முன்னாடியே உன் உரை ஒரு ஆளை எழுப்பிவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் பிள்ளை இப்போது எந்தக் காலேஜில் படிக்கிறாளோ, எந்தக் கம்பெனியில் உட்கார்ந்து ஓவர்லாக் ஓட்டுகிறாளோ, எனக்குத் தெரியாது. பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒரே வரி: "நீ தப்பாப் பேசல பாப்பா, தப்புப் பண்ணுனது நான்." இனிமேல் எந்த மேஜையில் நடுவராக உட்கார்ந்தாலும் மார்க்கைத் தாளில் எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டு வர மாட்டேன். சண்டை வந்தால் வரட்டும். இதை நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டேன், நீங்கதான் சாட்சி.

நான் ரொம்ப நேரம் பேசிவிட்டேன். போட்டியாக இருந்தால் எப்போதோ மணி அடித்திருப்பார்கள். எழுந்து நிற்க வேண்டியவர்கள் நீங்கள், நான் உட்கார்கிறேன். மைக் இங்கேயே இருக்கிறது. தாள் வேண்டாம். உங்கள் தெருவைப் பற்றி, உங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி, ஒரே ஒரு விஷயம், இரண்டு நிமிஷம். யாரு முதல்ல வர்றீங்க?

ஜெய்பீம்.